தண்ணீருக்குள் கூப்பிட்ட நம்பர்கள்

பதுளையில் சீனி வருத்தக்காரர்களுக்கான நீரிழிவுக் கிளினிக் ஒன்றில் நான் தாதியாக வேலை செய்கிறேன். காலையில் போனதும் நம்பர் கூப்பிட வேண்டும். பிறகு நிறை பார்ப்பது, பிரஷர் பார்ப்பது, புத்தகத்தில் எழுதுவது. கடைசியில் ஒவ்வொருவருக்கும் ஒரே அறிவுரை: "தினமும் அரை மணித்தியாலம் நடங்க. சோத்தக் கொறைங்க." பதினான்கு வருஷமாகச் சொல்லி வந்த வார்த்தைகள். சொல்லும்போது முகத்தைப் பார்ப்பதைக்கூட விட்டிருந்தேன்.

ஒருநாள் ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்தெடுக்கும் அம்மா ஒருவர் புத்தகத்தை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றார்.

"நடங்கன்னு சொல்றீங்க மிஸ். நான் காலையில மலையில ஏறுனா சாயங்காலந்தான் எறங்குறேன். இதுக்கு மேல எங்க போயி நடக்க?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். உடனேயே அடுத்த கேள்வி வந்தது. "நீங்க நடக்கிறீங்களா மிஸ்?"

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் அன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு மேட்டில் ஏறும்போது இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. பசறைப் பக்கத்துத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில் பிறந்தவள். பள்ளிக்கூடத்துக்கே மலை ஏறி இறங்கிப் போனவள். எப்போது இப்படி ஆனேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு நாளில் ஆனதாக இல்லை.

மறுநாள் முதல் நடக்கத் தொடங்கினேன். சில மாதத்தில் நடை ஓட்டமானது. விடியற்காலையில் ஓடும்போது நாய்கள் துரத்தியதால், பள்ளி ஆசிரியரான என் கணவர் மோட்டார் சைக்கிளில் பின்னால் மெதுவாக வருவார். வண்டியிலிருந்தபடியே கொட்டாவி விடுவார். ஆனாலும் ஒருநாள்கூட வரமாட்டேன் என்று சொன்னதில்லை.

அவர்தான் ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது போனை என் பக்கம் நீட்டினார். கிழக்குக் கரையில் ஒரு டிரையத்லன் போட்டி பற்றிய அறிவித்தல். கடலில் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நீச்சல், அது முடிந்ததும் தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள், அது முடிந்ததும் இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம். எல்லாம் ஒரே நாளில், எட்டரை மணி நேரத்துக்குள்.

"ஒனக்கு ஓடத் தெரியும். சைக்கிளும் ஓட்டுவ. நீந்தத் தெரியாது, அது ஒண்ணுதான் கொறை" என்று சொல்லிச் சிரித்தார்.

அவர் வேடிக்கைக்குச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் பாத்திரம் கழுவும்போதும் அந்த 'ஒண்ணுதான்' மனதை விட்டுப் போகவில்லை. அந்த வருஷப் போட்டிக்கு வாய்ப்பில்லை. அடுத்த வருஷப் போட்டிக்கு ஒன்றரை வருஷம் இருந்தது. அதற்குப் போகிறேன் என்று விடிந்ததும் கணவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "சரி, மொதல்ல சைக்கிள் ஒண்ணு பாப்போம்" என்றார்.

பழைய பந்தயச் சைக்கிள் ஒன்று பண்டாரவளையில் கிடைத்தது. போனில் ஒரு பயிற்சி அட்டவணையும் கிடைத்தது. ஓடினால் மட்டும் போதாது, உடம்பு வளைய வேண்டும், முதுகுக்குப் பலம் வேண்டும், வாரம் இரண்டு நாள் வேறு ஏதாவது செய்ய வேண்டும் என்று அதில் இருந்தது. எங்கள் ஊரில் டிரையத்லனுக்கென்று யாரும் சொல்லித் தருவதில்லை. ஆகவே கண்ணில் படுகிற வகுப்புக்கெல்லாம் போய்ப் பார்ப்பது என்று முடிவெடுத்தேன்.

இதைக் கேட்டதும் என் சிநேகிதி ஊசியை வாயிலிருந்து எடுத்தாள். அவளும் நானும் ஒன்றாகப் படித்தவர்கள். பஜாரில் தையல் கடை வைத்திருக்கிறாள்.

"நீ தனியாப் போனா ரெண்டாவது நாளே வயித்து வலின்னு சொல்லி நின்னுருவ. நானும் வாறேன்" என்றாள்.

முதலில் போனது ஸும்பா வகுப்பு. கல்யாண மண்டபமொன்றின் மேல்மாடியில், பெண்களுக்கு மட்டும். மூலையில் அடுக்கி வைத்த பிளாஸ்டிக் கதிரைகள், முந்திய நாள் கல்யாணத்துப் பூவின் வாசம், காது கிழியும் பாட்டு. சொல்லித் தந்தது துள்ளித் திரியும் ஒரு சிங்களப் பெண். எல்லோரும் வலப்பக்கம் போகும்போது நான் இடப்பக்கம் போனேன். எல்லோரும் கை தட்டும்போது நான் குனிந்திருந்தேன். சுவர்க் கண்ணாடியில் என்னைப் பார்த்து எனக்கே வெட்கமாகி, பின்வரிசைக்குப் போய்த் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

என் சிநேகிதியோ முன்வரிசையில் இருந்தாள். முழுக்கைச் சட்டை, தலையில் துணி, நெற்றியெல்லாம் வியர்வை. அவளுக்கும் ஒரு அடிகூடச் சரியாக வரவில்லை. அதைப் பற்றி அவளுக்குக் கவலையும் இல்லை.

"தூணுக்கு ஒட்டடை அடிக்கவா வந்த? முன்னுக்கு வா" என்று பாட்டுக்கு மேலே கத்தினாள்.

போனேன். தப்புத் தப்பாக ஆடினேன். நான்காவது வாரத்தில் ஒரு பாட்டு முழுவதும் எல்லோரும் போகும் பக்கமே நானும் போனேன். முடிந்ததும் இரண்டு பேரும் கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். நெஞ்சு படபடத்தது, ஆனால் பயத்தில் இல்லை. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு உடம்பால் சந்தோஷமாக இருந்தேன் என்று தோன்றியது.

யோகா வகுப்பு கோயில் மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில். சொல்லித் தந்தவர் மேடைத் தமிழில் மெதுவாகப் பேசுவார். "கண்களை மூடுங்கள். உங்கள் பாதங்களை உணருங்கள்." நான் பாதங்களை உணர்ந்ததோடு சரி. கண் விழித்தபோது பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். குறட்டை விட்டதாகச் சிநேகிதி வழியெல்லாம் சொல்லிக் காட்டினாள். அடுத்த வாரமும் தூங்கினேன். மூன்றாவது வாரம் ஆசிரியரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் மேடைத் தமிழை விட்டுவிட்டு, "தூங்குங்க, பரவாயில்ல. அதுவும் ஒங்களுக்குத் தேவையாத்தான் இருக்கு" என்றார். அதன் பிறகு தூக்கம் வரவில்லை. இடுப்பு வளையத் தொடங்கியது.

ஜிம்மில் பெண்களுக்கென்று ஒதுக்கிய நேரம் மத்தியானம். கிளினிக் முடிந்து சீருடையை மாற்றிக்கொண்டு ஓடுவேன். அங்கேதான் முதன்முதலாகத் தரையில் கிடந்த இரும்புப் பாரை முதுகு வளையாமல் தூக்கக் கற்றுக்கொண்டேன். ஒருநாள் நாற்பது கிலோ தூக்கினேன். தூக்கி நின்றபோது என் அம்மா ஞாபகம் வந்தது. தலையில் கயிறு அழுந்தக் கொழுந்து சுமந்து, அதை நிறுக்கும் மடுவத்துக்கு நடந்தவர். அவரை யாரும் கை தட்டிப் பாராட்டியதில்லை. வீட்டுக்கு வந்ததும் போன் எடுத்து, "அம்மா, நாப்பது கிலோ தூக்கினேன்" என்றேன். "எதுக்குடி? வீட்ல தூக்க ஆளில்லையா?" என்று பதறிப்போனார்.

வேலை சம்பந்தமான பயிற்சிக்காக ஒரு வாரம் கொழும்பில் தங்கியபோது அங்கே ஒரு சைக்கிள் வகுப்புக்கும் போனேன். இருட்டு அறை, கலர் வெளிச்சம், இருபது சைக்கிள். எதுவும் இடத்தை விட்டு நகராது. "இப்போது ஒரு மலை வருகிறது!" என்று ஆசிரியர் கத்தினார். எல்லோரும் ஒரு திருகைத் திருகினார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊரில் திருகத் தேவையில்லை, மலை தானாக வரும். பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் வளைவுகளில் நான் மூச்சு முட்ட மிதிக்கும்போது, கொழுந்து மலைக்குப் போகிற பெண்கள் பாதையோரம் நின்று, "என்ன மிஸ், இன்னைக்குப் பஸ் இல்லையா?" என்று உண்மையான கவலையோடு கேட்பார்கள்.

இப்படி ஆறு ஏழு மாதம் ஓடியது. எல்லா வகுப்புக்கும் போய்விட்டேன், ஒன்றைத் தவிர. நீச்சலைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

அதற்குக் காரணம் இருந்தது. எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, எங்கள் லயத்துக்குக் கீழே ஓடும் ஆற்றில் மழைக்காலத்தில் துணி துவைக்கப் போன பக்கத்து வீட்டு அக்காவைத் தண்ணீர் இழுத்துப் போனது. கரையில் இருந்த வாளியும் சவர்க்காரமும் அப்படியே இருந்தன. அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை. நான் இதைச் சிநேகிதியிடம்கூடச் சொன்னதில்லை.

நீச்சல் தடாகத்தில் ஆரம்ப வகுப்பு முழுக்கச் சின்னப் பிள்ளைகள். பெரியவள் நான் ஒருத்திதான். சிநேகிதி எனக்கென்று உடம்பை மூடும் நீச்சல் உடை தைத்துத் தந்திருந்தாள். தண்ணீரில் இறங்கியதும் அது காற்றடைத்துக் குடை மாதிரி விரிந்தது. பிள்ளைகள் என்னைச் சுற்றி நின்று பார்த்தார்கள். ஆண்களும் வரும் நேரம் என்பதால் அவள் தண்ணீரில் இறங்கவில்லை. வேலிக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்து, மடித்துத் தைக்க வேண்டிய துணியைக் கையில் வைத்துக்கொண்டு, "அடுத்தது ஒழுங்காத் தச்சுத் தாறேன்டி!" என்று கூவினாள்.

பயிற்சி தந்தவர் என்னைவிட நாலைந்து வயது மூத்த சிங்களப் பெண். தோளெல்லாம் வெயிலில் கறுத்தவர். என்னை நங்கி என்றுதான் கூப்பிடுவார். சிங்களத்தில் தங்கச்சி என்று அர்த்தம். நான் அவரை அக்கா என்றேன்.

இரண்டு மாதம் போயும் எனக்கு நீச்சல் வரவில்லை. கை வந்தது, கால் வந்தது. முகம் தண்ணீருக்குள் போனதும் எல்லாம் நின்றுவிடும். ஐந்தாறு வீச்சில் தலையைத் தூக்கிக்கொண்டு சுவரைத் தேடுவேன். என்னோடு சேர்ந்த பிள்ளைகள் எல்லாம் ஆழமான பக்கத்துக்குப் போய்விட்டார்கள். ஒருநாள் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். தண்ணீரில் அழுதால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன நடந்தது, நங்கி?"

அந்த ஆற்றைப் பற்றிச் சொன்னேன். பாதி தமிழில், பாதி சிங்களத்தில். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. என் கையைச் சுவரிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டார். பிறகு கேட்டார்:

"ஒங்க மூச்சு எங்கே போகுது தெரியுமா?"

"தெரியல்ல அக்கா."

"எங்கேயும் போகல்ல. நீங்க உள்ளே பூட்டி வைக்கிறது. வெளியே விட்டாத்தானே புதுசு உள்ளே வரும்? தண்ணிக்குள்ளே பேசுங்க. பேசினா மூச்சு வெளியே போகும்."

"என்ன பேசுறது?"

"வேலையில என்ன பேசுறீங்க?"

யோசித்தேன். நான் நாள் முழுக்கப் பேசுவது நம்பர்தான். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, கிளினிக்கில் கூப்பிடுவது போலவே உரக்கக் கூப்பிட்டேன். "நம்பர் ஒண்ணு!" குமிழிகள் கன்னத்தில் உரசி மேலே போயின. தலையைத் திருப்பி மூச்செடுத்தேன். "நம்பர் ரெண்டு!" கை தானாக முன்னால் போனது. "நம்பர் மூணு!"

பதினொன்றாவது ஆளைக் கூப்பிட்டபோது கை எதிலோ இடித்தது. ஏதோ தடை என்று நினைத்துத் தலையைத் தூக்கினேன். எதிர்ச் சுவர். இருபத்தைந்து மீட்டர் வந்திருந்தேன். வேலிக்கு வெளியே சிநேகிதி துணியைப் போட்டுவிட்டு எழுந்து நின்றிருந்தாள். அக்கா தண்ணீரில் ஓங்கி ஒரு அடி அடித்தார். அதுதான் அவர் கை தட்டும் விதம் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அன்று முதல் கிளினிக் வரிசை தண்ணீருக்குள்ளும் நகர்ந்தது. ஒரு மாதத்தில் நூறு பேர், மூன்று மாதத்தில் ஐந்நூறு பேர். அதற்குள் சிநேகிதி நல்ல துணி தருவித்து, உடம்போடு ஒட்டி நிற்கும் உடை தைத்துவிட்டாள். அதைப் பார்த்து நாலு பேர் தங்களுக்கும் வேண்டும் என்று கேட்டார்கள். "உடுப்புக் கேக்குறவங்களுக்கு நீந்தவும் ஆசை இருக்கும்தானே" என்று அக்கா தடாகத்துப் பொறுப்பாளரிடம் போய்ப் பேசி, சனிக்கிழமை காலையில் ஒரு மணி நேரத்தைப் பெண்களுக்கு மட்டும் என்று வாங்கினார். முதல் சனிக்கிழமை ஒன்பது பேர் வந்தார்கள். சிநேகிதி படியில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்தாள். மூன்றாவது சனிக்கிழமை மல்லாந்து மிதந்தாள். காதுக்குள் தண்ணீர் போனதால் யாருடைய பேச்சும் கேட்கவில்லை என்றும், வீட்டில் கிடைக்காத அமைதி அங்கே கிடைத்தது என்றும் சொன்னாள்.

போட்டிக்கு நானும் கணவரும் சிநேகிதியும் முந்திய நாளே போய்விட்டோம். காலையில் கடற்கரையில் நூற்றுக்கணக்கானவர்கள் நின்றார்கள். விலையுயர்ந்த உடைகள், இறுகிய உடம்புகள். வீட்டில் தைத்த உடையோடு நின்றது நான் மட்டுமாகத்தான் இருக்கும். கணவர் என் தோளில் கை வைத்து, "பயமா இருந்தா கரைக்கு வந்துரு. நான் இங்கயேதான் நிப்பேன்" என்றார்.

கடலுக்குள் ஓடியதும் யாரோ ஒருவரின் கால் என் முகத்தில் பட்டது. நீச்சல் கண்ணாடி விலகி உப்பு நீர் உள்ளே வந்தது. மூச்சைப் பூட்டிவிட்டேன். பழைய பயம் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. கையைத் தூக்கினால் காவல் படகு வரும், கொண்டுபோய்க் கரையில் விடுவார்கள். மல்லாந்து திரும்பி வானத்தைப் பார்த்தேன். கண்ணாடியைச் சரி செய்தேன். கூட்டம் என்னைக் கடந்து போகும்வரை மிதந்தேன். பிறகு திரும்பி, முகத்தை வைத்து, முதல் ஆளைக் கூப்பிட்டேன்.

கரையேறியபோது எனக்குப் பின்னால் வெகு சிலரே இருந்தார்கள். கவலையில்லை, சைக்கிளில் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். மலைப் பாதையில் மிதித்த கால்களுக்குச் சமதரை என்ன பெரிய விஷயம்? அந்த நினைப்பு அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. மலையில் ஏறினால் ஓர் இறக்கம் வரும், அங்கே கால் ஆறும். சமதரையில் இறக்கமே கிடையாது. கடல்காற்று நேரே முகத்தில் அறைந்தது. தொண்ணூறு கிலோமீட்டரும் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஜிம்மில் பலப்படுத்திய முதுகு மட்டும் கைவிடாதிருந்தால் நான் பாதியிலேயே இறங்கியிருப்பேன்.

ஓட்டம் தொடங்கும்போது வெயில் உச்சியில். ஓடினேன், நடந்தேன், மறுபடி ஓடினேன். பதினைந்தாவது கிலோமீட்டருக்குப் பக்கத்தில் எனக்கு முன்னால் ஓடிய ஒரு பெண் தள்ளாடினாள். பாதையோரம் உட்கார்ந்து வாந்தியெடுத்தாள். யாரென்று தெரியாது. இருபத்தைந்து வயதிருக்கும். நான் நேரத்தைப் பார்த்தேன். நிற்பதற்கு என்னிடம் நேரம் இல்லை.

ஆனால் கால் நின்றுவிட்டது. நாடியைப் பிடித்தேன், மிக வேகமாக அடித்தது. தோல் கொதித்தது. என்ன நாள், எங்கே இருக்கிறோம் என்று கேட்டேன், குழறினாள். நிழலுக்கு இழுத்து, என் தண்ணீரைத் தலையிலும் கழுத்திலும் ஊற்றி, அந்த வழியாக ஓடியவரிடம் உதவிக்கு ஆள் அனுப்பச் சொன்னேன். வண்டி வரும்வரை அவள் கையை விடவில்லை. வண்டியில் ஏற்றும்போது அவள் என்னைப் பார்த்து ஆங்கிலத்தில், "நீங்கள் போங்கள், ஓடுங்கள்" என்றாள். தெளிவாகப் பேசினாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

பதினெட்டு நிமிடம் போயிருந்தது. மீதித் தூரத்தை நடந்தால் நேரத்துக்குள் முடிக்க முடியாது. ஓடத்தான் வேண்டும். எப்படி ஓடினேன் என்று எனக்கு இப்போதும் சரியாக நினைவில்லை. கால் விரல் நகம் கழன்றது தெரிந்தது. கடைசி வளைவில் என் சிநேகிதி கறுப்புக் குடையோடு நின்றாள். என்னைக் கண்டதும் குடையைப் பக்கத்தில் நின்ற என் கணவர் கையில் திணித்துவிட்டு, செருப்போடு என் பக்கத்தில் ஓடி வந்தாள்.

"இன்னும் கொஞ்சம்தான்டி. அழாத, அழுதா மூச்சு போயிரும்!" என்று சொல்லிவிட்டு அவள்தான் அழுதாள்.

நேரம் முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது கோட்டைத் தாண்டினேன். கழுத்தில் ஒரு பதக்கத்தை மாட்டினார்கள். கணவர் குனிந்து என் சப்பாத்தைக் கழற்றினார். வாந்தியெடுத்த பெண் மருத்துவக் கூடாரத்தில் எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிடுவதாகச் சொன்னார்கள். போய் ஒருமுறை நாடியைப் பார்த்துவிட்டு வந்து, மணலில் சரிந்து, சிநேகிதி கட்டிக்கொண்டு வந்திருந்த புரியாணியை மூன்று பேர் பங்கையும் நானே சாப்பிட்டேன்.

மறுநாள் மொனராகலை, பசறை வழியாக பஸ்ஸில் திரும்பினோம். வளைவுக்கு வளைவு தொடை வலித்தது. பதுளை பஸ் நிலையத்தில் இறங்கப் போனால் முழங்கால் மடங்கவில்லை. கம்பியைப் பிடித்து, பின்பக்கமாகத் திரும்பி, ஒவ்வொரு படியாகக் காலை இறக்கினேன். கண்டக்டர் குழம்பிப்போனார்.

"அக்கா, எறங்குறீங்களா, ஏறுறீங்களா?"

"எறங்குறேன் தம்பி. கொஞ்சம் பொறுங்க" என்றேன். எனக்குப் பின்னால் கணவரும் சிநேகிதியும், அவர்களுக்குப் பின்னால் பஸ் முழுவதும் காத்து நின்றது.